மூன்றாவது நிறுத்தம்

துண்டுத்தாளில் என் இடம் மூன்றாவது.
முதலில் தண்டையார்பேட்டை மொட்டைமாடி,
மிளகாய்த் தொட்டிகளுக்கு நடுவே தேன்பெட்டி.
அடுத்து எர்ணாவூர் வஜ்ஜிரவேலு வீடு,
உடைந்த சிமென்ட் தொட்டியில் தவளைகளைக் குடி வைத்திருக்கிறார்.
அப்புறம் நான்:
"கத்திவாக்கம், ரயில்வே கேட் தாண்டி,
ஒன்றரை கிரவுண்டு சதுப்பு,
உரிமையாளர் ஹெலன் சரோஜா,
இருபது நிமிடம்."

இருபது நிமிடத்துக்குக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது?
நான் ஒரு செடியும் நடவில்லை.
துறைமுக கேன்டீனில் இட்லி அவித்த
இருபத்தாறு வருஷத்து பி.எஃப். பணம்
வீடு கட்ட வாங்கிய இந்தச் சேற்றில் கிடக்கிறது.
மண்ணடிக்க லாரி வந்த அன்று
பின்பக்கம் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.
வேலிக்கு அடியில் தண்ணீர் நுழைந்து
பூவரசின் காலை நனைத்துவிட்டு
வந்த வழியே திரும்பியதைப் பார்த்தேன்.
லாரியைப் போகச் சொன்னேன்.
மறுபடி வந்தது.
பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு
குறுக்கே உட்கார்ந்தேன்.
செய்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை ராத்திரி
மெட்ரோ தண்ணீர் நான்கு குடம் தூக்கி வந்து
இலை இலையாகக் கழுவினேன்.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
முதலில் மாவாகி, பிறகு பாலாகி,
முழங்கை வழியே ஒழுகியது.
"சேத்துக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களாம்மா?"
டார்ச் பிடித்தபடி மகன் கேட்டான்.
பேசாமல் பிடிடா என்றேன்.

கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கி
முக்கால் மணி நேரம் தாமதமாக
வேன் வந்தது. இருபத்து மூன்று பேர்.
தொப்பி, பைனாகுலர்,
பாத்ரூம் எங்கே என்றொரு குரல்,
கிரவுண்டு இப்போ என்ன ரேட் என்று இன்னொன்று.
விசில் கட்டிய லோகநாயகி,
வாரநாளில் வங்கியில் பணம் எண்ணுகிறவள்,
இங்கே தலைகளை எண்ணினாள்.
உமரியைக் கிள்ளி வாயில் போட்ட ஒருவர்
உப்பு என்றார், யாரோ ஏமாற்றியதுபோல.

சேற்றில் ஒரு வளை திறந்து
ஒற்றைக் கை பெருத்த நண்டு வெளியே வந்தது.
கேள்வி கேட்க நிற்கிற மாணவனைப்போல்
அந்தக் கையை உயர்த்தியது.
இறக்கியது. மறுபடி உயர்த்தியது.
பேன்ட்டைப் பற்றிய கவலை போய்
இருபத்து மூன்று பேரும் மண்டியிட்டார்கள்.
ரேட் கேட்டவரும்.

அப்போதுதான் அந்தச் சின்னப் பெண்,
மதில் மூலையில், நான் மறந்த கிளையின் கீழ் நின்று,
"ஆன்ட்டி, இது மட்டும் ஏன் வேற கலர்?" என்றாள்.
லோகநாயகி வாயெடுத்தாள்,
இது வேறு வகை என்று சொல்லப்போகிறாள் என நினைத்தேன்.
முந்திக்கொண்டேன்:
"அதுதாம்மா இங்கத்தக் கலர்.
மத்ததை ராத்திரி நான் கழுவி வச்சேன்."

யாரும் பேசவில்லை.
கேட்டில் சரக்கு ரயில் போனது, நிலக்கரி, அது பாட்டுக்கு.
நண்டு உள்ளே போய்விட்டது.
சொல்லியிருக்க வேண்டாமோ என்றிருந்தது எனக்கு.
பெண் மட்டும்
விரலால் இலையில் பெயரெழுதினாள்: அஃப்ரா.
சாம்பலுக்கு அடியிலிருந்து
பச்சையாக வந்தது எழுத்து.
விசில் ஊதவில்லை லோகநாயகி.
ஐம்பது நிமிடம் இருந்தார்கள்.
நான்காவது நிறுத்தத்துக்காரர்
போன் மேல் போன் போட்டாராம்.

திங்கள், செவ்வாய்
மேற்குக் காற்று.
புதன்கிழமை போய்ப் பார்த்தேன்.
முதலில் மூடியது ஆய்தம்,
அந்த மூன்று புள்ளியும்.
பிறகு 'ப்'பின் தலைப்புள்ளி.
அகரம் மட்டும் தாக்குப்பிடித்தது, சுழி மங்கி.

ஈரத்துணியோடுதான் போயிருந்தேன்.
துணியை வேலியில் போட்டுவிட்டு
சுற்றிலும் பார்த்தேன், யாருமில்லை.
அதே இடத்தில்
என் விரலால் மறுபடி எழுதினேன்,
மூன்று புள்ளியை முதலில் வைத்து.